கோண வெட்டு

கரட்டுப்பாளையத்தில் சாண்ட்விச்சை நேராக வெட்டிக்கொண்டிருந்த காலம் என்று ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மனிதர்கள் அவரவர் வாய்க்கு அவரவர் சாப்பிட்டார்கள், பக்கத்து மேசைக்காரன் என்ன ருசித்தான் என்பது யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற நியூ கஸ்தூரி பேக்கரியில் பதினோரு வருஷமாக சாண்ட்விச் போடுகிற தனபாக்கியம், இரண்டு துண்டு பிரெட்டில் வெண்ணெயும் புதினாச் சட்னியும் தடவி, வேகவைத்த உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் வெள்ளரியும் வெங்காயமும் வட்டம் வட்டமாக நறுக்கி அடுக்கி, மிளகுத்தூள் தூவி, நாலு ஓரத்தையும் சீவித் தள்ளிவிட்டு, நட்ட நடுவில் கத்தியை வைத்து ஒரே அழுத்தில் இரண்டு செங்கல்லாக்கித் தட்டில் வைப்பாள். சாப்பிட வந்தவர்கள் சாப்பிட்டார்கள், போனார்கள். நல்லா இருக்குதுங்கக்கா என்று சொன்னவர்களும் உண்டு, சொல்லாதவர்களும் உண்டு. பாக்கியம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை, அதற்குள் அடுத்த பிரெட் கைக்கு வந்திருக்கும்.

அவள் மனசு வேறு இடத்தில் இருந்தது. அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் மினி பஸ் டிரைவர். கரட்டுப்பாளையத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும் போய் வருகிற வண்டி, அந்த வழியில் எந்தக் கடையில் எந்தக் கிழமை என்ன குழம்பு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார், சாப்பாட்டுக்கென்றே பிறந்த மனுஷர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவர் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்து, வந்தால் வரும் என்றார். வரவில்லை. அன்றிலிருந்து அவருக்குக் கறிக்குழம்பும் கஞ்சியும் ஒன்றாயின, சோற்றை மாத்திரை மாதிரி தண்ணீர் விட்டு விழுங்கினார், பெல்ட்டில் ஆணியை வைத்துப் புதுப்புது ஓட்டையாகப் போட்டுக்கொண்டே வந்தார். இப்படி ஆள் கரைந்துகொண்டே போகிறாரே என்று பாக்கியம் வேண்டாத சாமி இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை பேக்கரி முதலாளி சுகுமாரன் வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவர் திசைகாட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு கல்லாவைச் சுற்றினார், அடுப்பைச் சுற்றினார், ஓசியில் இரண்டு பப்ஸ் சாப்பிட்டார், கடைசியில் பாக்கியத்துக்கு முன்னால் வந்து நின்று, கத்தி பிடிக்கிறவள் தெற்கே பார்த்து நிற்கவே கூடாது, ஈசானிய மூலையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மேசையோ சுவரோடு சேர்த்து சிமெண்ட் வைத்துப் பூசிய கடப்பாக்கல். அதைத் திருப்ப முடியாது, ஆகவே பாக்கியத்தைத் திருப்பினார்கள். ஒரு பக்க இடுப்பு ஃபிரிட்ஜில் இடிக்க, ஒரு முழங்கை சுவரில் உரச, ஈசானியத்தைப் பார்த்து நின்று நேராக வெட்டப் பார்த்தால் மணிக்கட்டு பிசகியது. கத்தி தன் போக்கில் மூலைக்கு மூலை இறங்கியது, செங்கல் இரண்டும் போய் முக்கோணம் இரண்டு வந்தது. காரணம் இவ்வளவுதான். இதற்கு மேல் காரணம் கேட்டவர்களுக்குக் கரட்டுப்பாளையம் பதில் சொன்னதில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது.

முதல் முக்கோணத் தட்டு விதைக்கடை மாரப்பனுக்கும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் குணசேகரனுக்கும் போனது. இருவரும் தினமும் பதினொன்றரைக்கு வந்து ஒரு சாண்ட்விச்சை ஒன் பை டூ சொல்லி, ஆளுக்குப் பாதி தின்று, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிறவர்கள். அன்றைக்கு முதல் கடியிலேயே மாரப்பனுடைய வாயில் அவருடைய ருசிக்கு மேலே இன்னொரு ருசி வந்து உட்கார்ந்தது. பீட்ரூட் அவருக்கு எப்போதும் மண்ணு, இப்போது அதுவே வெல்லமாக இனித்தது. எதிரே ரைட்டர் வெங்காயத்தைக் கடிக்கவே இல்லை, ஆனால் வெங்காயத்தின் சுகம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உங்களுக்குப் பீட்ரூட் இவ்வளவு புடிக்குமுங்களா என்று மாரப்பன் கேட்டார், உங்களுக்கு வெங்காயம்னா உசுரு போலிருக்கே என்று ரைட்டர் கேட்டார், இரண்டு பேரும் இன்னொரு டீ சொல்லி, ஆறு வருஷத்துப் பேச்சை அன்றைக்குப் பேசி முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்குச் சட்டதிட்டமெல்லாம் பிடிபட்டுவிட்டது. மூலைக்கு மூலை வெட்டிய சாண்ட்விச்சின் இரண்டு பாதியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மென்றால் இவர் ருசி அவருக்கும் அவர் ருசி இவருக்கும் போகும். வாயில் இருக்கிற வரைக்கும்தான் போகும். ஒரே ஆள் இரண்டையும் தின்றால் அது வெறும் பிரெட். தூரம் ஒரு பொருட்டே இல்லை. தோசையைக் கோணையாக வெட்டிப் பார்த்தார்கள், சப்பாத்தியை வெட்டிப் பார்த்தார்கள், ஒருவர் ஆர்வக்கோளாறில் இட்லியையும் வெட்டினார், தோசை தோசையாகவும் இட்லி இட்லியாகவும்தான் இருந்தன. பாக்கியம் வெட்டினாலும் சரி, வீட்டில் நீங்களே வெட்டினாலும் சரி, பிரெட்டாக இருக்க வேண்டும், மூலைக்கு மூலை இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி எச்சில் பற்றியது. ஊரான் நாக்கில் பட்ட ருசி என் நாக்குக்கு வந்தால் அது எச்சில் ஆகாதா என்று மாரியம்மன் கோயில் மாவிளக்குக் குழுப் பெண்கள் நாலு பேர் பேக்கரிக்கே வந்து, தனி மேசையில் உட்கார்ந்து, இரண்டு சாண்ட்விச்சை நாலாகப் பங்கிட்டுத் தின்று, தின்று முடித்த பிறகு விசாரணை நடத்தினார்கள். பண்டம் வாயில் பட்டால்தான் எச்சில், ருசி பண்டம் இல்லை, காற்று மாதிரி, காற்றுக்கு எச்சில் உண்டா என்று முடிவாகியது. முடிவு சரிதானா என்று உறுதி செய்துகொள்ள இன்னும் இரண்டு சாண்ட்விச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவே இல்லை.

சர்க்கரை வியாதிக்காரர்கள் ஜாம் தடவிய சாண்ட்விச்சில் நுனியை மட்டும் கிள்ளி வாயில் அதக்கிக்கொண்டு, எதிரே உட்கார்ந்து ஒருவர் மீதியைத் தின்பதை ஆனந்தமாக அனுபவித்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற மகனுக்குக் காலை பஸ்ஸில் பாதியைக் கொடுத்தனுப்பி, சாயங்காலம் போனில் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணி, இங்கே அம்மாவும் அங்கே மகனும் ஒரே நேரத்தில் கடித்தார்கள். கோபித்துக்கொண்டு தாராபுரத்து அம்மா வீட்டுக்குப் போன ஒரு பெண்டாட்டி, போகும்போது பாதி சாண்ட்விச்சைக் கையோடு எடுத்துப் போய், வீட்டுக்காரன் ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து அதோடு நாலு பச்சை மிளகாயைச் சேர்த்துக் கடித்தாள். அந்த ஆள் இங்கே ரெக்கார்டு ரூமில் துள்ளிய துள்ளலை ஊரே பார்த்தது, மறுநாளே போய்க் கூட்டி வந்துவிட்டான். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு ஒரு பிரெட் பாக்கெட்டும் கொண்டு வந்தார்கள். எல்லோரையும் விட உச்சத்தில் இருந்தவர் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் தங்கமுத்து. அவர் ரசித்துச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு ஈடு இணையே இல்லை என்று ஆகிவிட்டது, அவரோடு பாதி தின்பதற்கு வரிசை நின்றது, கடைசியில் அவர் சம்சாரம் கடைக்கு வந்து, ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு மேல கெடையாது, மனுஷனுக்கு வயித்துல இனிமே எடமில்லை என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

தனியாகச் சாப்பிட நினைக்கிறவர்களும் ஊரில் இருந்தார்கள், இருக்கத்தானே செய்வார்கள், அவர்களுக்காகச் சுகுமாரன் நேர் வெட்டையும் வைத்திருந்தார். நேரா, கோணையா என்று பாக்கியம் கேட்பாள், சொன்னபடி வெட்டுவாள். ஊரே இவளால் குதூகலமாக இருந்தது, இவளோ வெட்டின கை வெட்டினபடி நின்றாள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மினி பஸ் டீக்கு நின்றது. கண்டக்டர் ரபீக், வாங்கண்ணே ஒரு பாதி தின்னு பாருங்க என்று சென்னியப்பனை இழுத்து வந்து உட்கார வைத்தான். அவர் எனக்கெதுக்குப்பா என்றார், எந்த நாக்குக்கு என்றார், பிறகு அவன் மனசு நோகக்கூடாதே என்று முக்கோணத்தின் கூர்நுனியைக் கடித்தார். ரபீக்குக்கு இருபத்தாறு வயது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசித்த வாயால் ஒரு பெரிய கடி கடித்தான். சென்னியப்பன் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாக, பயந்து பயந்து, மறுபடியும் மென்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"பாக்கியம், இதுல புதினா போட்டிருக்கியா?"

கத்தி அவள் கையிலிருந்து நழுவிக் கடப்பாக்கல்லில் விழுந்தது. போட்டிருக்கிறேன் என்று தலையை ஆட்டினாள், முந்தானையை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டாள். சுகுமாரன் கல்லாவிலிருந்து எழுந்து ஈசானிய மூலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அதற்கப்புறம் சென்னியப்பனைக் கையில் பிடிக்க முடியவில்லை. ரபீக்கோடு தின்றார், ரைட்டரோடு தின்றார், டிரில் மாஸ்டர் வரிசையில் அவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் கன்னத்தில் சதை பிடித்தது, பெல்ட் இரண்டு ஓட்டை பின்னால் போனது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பழையபடி விசில் அடித்தார். பாக்கியத்துக்கு நெஞ்சு நிறைந்து போனது. இந்தச் சந்தோஷத்தை வீட்டுக்குள்ளேயும் கொண்டு வந்துவிடலாமே என்று ஒரு சாயங்காலம், நல்ல பிரெட்டாகப் பார்த்து எடுத்து, வெண்ணெயை அள்ளித் தடவி, மூலைக்கு மூலை வெட்டி எடுத்து வந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கடித்தார்கள்.

அவருக்கு ஒன்றும் வரவில்லை.

முதல் நாள் சரியாக வெட்டு விழவில்லை என்று நினைத்தாள். மறுநாள் ஸ்கேலை வைத்து வெட்டினாள், ஒன்றும் வரவில்லை. இடது பாதியை அவரும் வலது பாதியை இவளும் மாற்றித் தின்று பார்த்தார்கள். கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள், தரையில் உட்கார்ந்தார்கள். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் பண்ணி, அம்மா நானும் இவரும் தின்னோம், அய்யோ அப்படி இருந்துச்சு என்று சொன்னாள். நாலாவது நாள் சென்னியப்பன் ஒரு கடி கடித்ததும் முகம் மலர்ந்து, ஆகா வந்துருச்சு புள்ள, புதினா என்னமா இருக்குது என்றார். பாக்கியம் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் புதினா தீர்ந்துபோய் அவள் தேங்காய்ச் சட்னி தடவியிருந்தாள்.

அவர் அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் பொய் சொன்னார், அது அவளுக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததில் ஒரு ஆறுதலும் இல்லை. இருபத்து நாலு வருஷமாக இந்த மனுஷர் இப்படி எத்தனை தடவை முகத்தை மலர வைத்துக்கொண்டிருப்பார் என்று ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது, வந்த யோசனை எழுந்து போகவில்லை. ஊரில் எவன் எவனோடோ உட்கார்ந்தால் ருசிக்கிறது, பெண்டாட்டியோடு உட்கார்ந்தால் ருசிக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

அந்த அர்த்தத்தை ஊரே சொன்னது, அவளுக்கு நேராகவே சொன்னது, அவள் கதையும் அதுதான் என்று தெரியாமலே சொன்னது. வேறொரு புருஷன் பெண்டாட்டிக்கும் இப்படி வரவில்லையாம் என்று பேச்சு வந்தபோது விதைக்கடை மாரப்பன் பல்லைக் குத்திக்கொண்டே ஒரு விளக்கம் கொடுத்தார்.

"சண்டைக்காரங்களுக்கே காரம் போயிச் சேருதுங்க. உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாதவங்களுக்குத்தானுங்க ஒண்ணும் வராது."

பாக்கியம் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளரிக்காயைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தாள். அந்த விளக்கம் ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போனது, எல்லோரும் தங்கள் தங்கள் மச்சான் கொழுந்தியாள்மாரை வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்கள். சுகுமாரனிடம் மட்டும் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பதறிப்போய் வாஸ்துக்காரரை மறுபடி கூட்டி வந்தார். அவர் மறுபடி இரண்டு பப்ஸ் தின்று, இவள் வீட்டு அடுப்பு அக்னி மூலையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்பையும் நகர்த்திப் பார்த்தாள். பாத்ரூம் வாசலுக்கு நேரே நின்று சமைத்ததுதான் மிச்சம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கடையில் ஈ காக்காய் இல்லை. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ஜெசிந்தா நனைந்துகொண்டு வந்தாள். நாகர்கோவில்காரி, மாற்றலாகி வந்து எட்டு மாதம், தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒரு எருமைக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேராக வருவதாகவும், பசி கண்ணை அடைக்கிறது என்றும் சொல்லி, ஒரு கோண வெட்டுக் கேட்டு உட்கார்ந்தாள். பாதி தின்ன ஆள் யாருமில்லையே என்று பாக்கியம் சொன்னதற்கு, நீங்க இருக்கீங்களேக்கா என்றாள். பாக்கியம் சிரித்தாள். பதினோரு வருஷத்தில் அந்தக் கடை நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை, பசித்தால் சீவித் தள்ளிய ஓரங்களில் நாலைந்தை எடுத்து, டீயில் நனைத்து, நின்ற வாக்கில் முழுங்கிவிட்டு அடுத்த பிரெட்டை எடுப்பவள் அவள். வீட்டிலும் அப்படித்தான், ஒரு கண் பால் மேல், ஒரு காது மோட்டார் மேல், வாய் தன்பாட்டில் அசையும். டாக்டரம்மா விடவில்லை. கன்றுக்குட்டியை இழுத்த கையால் இவளையும் இழுத்து எதிரே உட்கார வைத்தாள்.

கடித்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

பாக்கியத்துக்கு வந்தது. அய்யோ, எப்படி வந்தது! வெண்ணெய் முதலில் வந்தது, அதன் வழவழப்பில் வழுக்கிக்கொண்டு புதினா வந்தது, புதினாவின் குளிர்ச்சிக்கு அடியில் இஞ்சியின் ஒரு சின்னச் சுரீர், வெள்ளரி நறுக்கென்று உடைந்து தண்ணீராகியது, உருளைக்கிழங்கு மெத்தென்று எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்தது, கடைசியில் மிளகு வந்து மூக்கு நுனியைத் தொட்டுவிட்டுப் போனது. இதையா, இதையா நான் பதினோரு வருஷமா வெட்டி வெட்டித் தள்ளிக்கிட்டிருந்தேன் என்று அவளுக்குத் தன் கைமேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. எதிரே ஜெசிந்தாவோ மெல்லுவதை நிறுத்திவிட்டு, புருவத்தைச் சுருக்கி, மாட்டின் வயிற்றில் காது வைத்துக் கேட்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உங்க பக்கத்துல இருந்து ருசி ஒண்ணும் வரல்லியே. வெறும் அவசரம்தான் வருது."

பாக்கியம் அவளையே பார்த்தாள். சொன்னது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க அடக்க வந்தது, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், கல்லாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த சுகுமாரன் பதறி எழுந்தார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போ எங்க வூட்டுக்காரர் மேல கொறையில்லீங்க, எங்க ரெண்டு பேருக்கு நடுவுலயும் கொறையில்லீங்க, கொறை என்னோட நாக்குலதானுங்க என்று பாக்கியம் திரும்பத் திரும்பச் சொன்னாள். குறை தன்னுடையது என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை ஜெசிந்தா அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மீதியையும் தின்று முடிக்கச் சொல்லி, தானும் ரசித்து ரசித்துத் தின்று, இன்னொரு சாண்ட்விச்சும் போடச் சொன்னாள்.

சாயங்காலம் சென்னியப்பன் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். மாரப்பன் சொன்னது, தான் அழுதது, தேங்காய்ச் சட்னியைப் புதினா என்று அவர் புளுகியது, அதைத் தான் கண்டுபிடித்தும் சொல்லாமல் இருந்தது, அவசரம் வருகிறது என்று டாக்டரம்மா சொன்னது வரைக்கும் ஒன்று விடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தேங்காய்ச் சட்னி இடத்தில் மட்டும் காதைச் சொறிந்தார்.

"நானும் எத்தனை தடவைதான் கை காட்டறது பாக்கியம்? வண்டி ஸ்டாப்பிங்குல நின்னாத்தான ஏற முடியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நிற்கப் பார்த்தாள். இரண்டாவது கடியில் பால் பொங்கியது, எழுந்து போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி மிக்ஸி ஜார் கேட்டு வந்தாள், அதற்கடுத்த வாரம் யாரும் வரவில்லை, எதுவும் பொங்கவில்லை, ஆனால் ஏதோ பொங்கப்போகிறது என்ற நினைப்பிலேயே முழுச் சாண்ட்விச்சும் தொண்டையில் இறங்கிவிட்டது. அவர் ஒவ்வொரு தடவையும் மென்றுவிட்டு, வரலை புள்ள என்றார். இப்போது பொய் சொல்வதை நிறுத்தியிருந்தார், அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது. இருந்தாலும் வராமலே போய்விடுமோ என்று உள்ளே ஒரு பயம் ஊறிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரம்மா நாக்கை இரவல் வாங்கித்தான் ருசி என்றால், தனக்கென்று ஒரு நாக்கு இருக்கிறதா இல்லையா, இல்லாத நாக்கை வைத்துக்கொண்டு இந்த மனுஷருக்கு என்னத்தைக் கொடுப்பது?

நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சென்னியப்பன் கேஸ் சிலிண்டரை மூடினார், மோட்டார் சுவிட்சை அணைத்தார், அவள் செல்போனை எடுத்து அரிசி மூட்டைக்குள் புதைத்தார், வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, எந்திரிச்சா என் மேல ஆணை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார். போனவர் அரை மணி நேரம் வரவில்லை. ஏதோ விழுந்தது, ஏதோ உருண்டது, அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பாக்கியம் எழப்போனாள், ஆணையை நினைத்து உட்கார்ந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள். முருங்கை மரத்தில் அணில் ஒன்று ஓடியது. இந்த மரத்தில் அணில் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அவர் தட்டோடு வந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பிரெட் பிய்ந்திருந்தது, உருளைக்கிழங்கு கட்டி கட்டியாக நின்றது, ஓரத்தைச் சீவவே இல்லை, வெட்டு மூலையில் ஆரம்பித்து மூலையில் முடிந்ததே தவிர நடுவில் மலைப்பாதை மாதிரி வளைந்து வந்திருந்தது. ஒரு பாதி பெரிதாகவும் ஒரு பாதி சிறிதாகவும் இருந்தது. வழக்கம்போல அவள் கை சிறியதற்குப் போனது. அவர் தட்டைத் திருப்பி வைத்தார்.

அவள் பெரிய பாதியைக் கையில் எடுத்தாள். கனமாக இருந்தது. வேறு ஒருவர் தனக்காகச் செய்து கொடுத்த பண்டத்தைக் கடைசியாக எப்போது கையில் வாங்கினோம் என்று யோசித்தாள், பிள்ளை பெற்ற வருஷம் வரைக்கும் பின்னால் போக வேண்டியிருந்தது. கூர்நுனியைக் கடித்தாள். அவரும் கடித்தார். வெங்காயம் தடியாக இருந்தது, பல்லில் நின்று நிதானமாகக் கடிபட்டது. புதினாவைச் சரியாக அரைக்காமல் இலை இலையாக விட்டிருந்தார், ஒரு இலை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அதை நாக்கால் தடவித் தடவி எடுத்தாள். ஓரத்து ரொட்டி டீயில் நனையாமலேயே இவ்வளவு மணக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மென்றாள். எங்கேயும் எதுவும் பொங்கவில்லை. உருளைக்கிழங்குக் கட்டி ஒன்று நாக்கில் கரைந்தது, கரைந்தபோது அதில் ஏதோ ஒன்று குறைந்தது, என்னவென்று தேடிக்கொண்டே மென்றாள், பிடிபட்டது, பிடிபட்ட அதே நொடியில் எதிரே இருந்தவர் கன்னத்தில் கை வைத்தார்.

"உப்புப் பத்தலை."

சொன்னவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிய ஒரு நொடி ஆனது. பாக்கியம் பழக்க தோஷத்தில் உப்பு எடுக்க எழுந்தாள். அவர் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, வாயில் இருந்ததை மென்றுகொண்டே தானே அடுப்படிக்கு ஓடினார்.

கல்யாணம் ஆகி இருபத்து நாலு வருஷத்தில் அந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, சர்க்கரை, ரவை, கடுகு, மறுபடியும் சர்க்கரை. மேல் தட்டில் நீல மூடி என்று சொன்னால் போதும். பாக்கியம் சொல்லவில்லை. பிரெட்டைத் திருப்பிப் பிடித்து, வெங்காயம் தடித்துத் தெரிந்த பக்கமாகப் பார்த்து, ஒரு நல்ல கடி கடித்தாள்.

"வெங்காயத்தைக் கடிச்சியா?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல். "ஏம்புள்ள, இப்ப வெங்காயத்தைத்தானே கடிச்சே?"

அவள் பதில் சொல்லவில்லை. வாய் நிறைய இருந்தது.